சில்லறை சிகரெட்டும் சில விளம்பரப் பிரதிகளும்

ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம், ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ஒரு பெட்டிக்கடை வாசலில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சிகரெட் ஹோர்டிங் எதுவும் கிடையாது. 2004 மே முதல் நடைமுறைக்கு வந்த புகையிலைப் பொருட்கள் சட்டம் அவற்றைத் துடைத்துவிட்டது. கடைக்காரர் வைத்துக்கொள்ள விதி அனுமதிப்பது 60க்கு 45 சென்டிமீட்டர் பலகை. அதிலும் பிராண்டின் பெயரோ படமோ வரக்கூடாது, மேலே எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆனால் கடைக்கு வருகிற பையன் 'சிகரெட் குடுங்க' என்று கேட்பதில்லை. 'அண்ணா, ஒரு கிங்ஸ்' என்கிறான். விளம்பரம் போன பிறகும் அது கற்றுக்கொடுத்த பேச்சு எப்படித் தங்கிவிடுகிறது?

விளம்பரத்தைக் கவர்ச்சிப் படமாக மட்டுமே பார்க்கிற நம் ஒழுக்கவாதிகளிடம் இதற்குப் பதில் இல்லை. படத்தை அழித்தால் ஆசையும் அழியும் என்பது அவர்கள் கணக்கு. அல்தூசர் போலீஸ்காரனின் கூப்பாட்டை வைத்துச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: விளிக்கப்பட்டவன் திரும்பிப் பார்க்கிற கணத்தில் ஒரு தன்னிலை உருவாகிவிடுகிறது. சிகரெட் விளம்பரத்தின் வரலாறு இப்படிப்பட்ட விளித்தல்களின் வரலாறுதான்.

1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் எட்வர்ட் பெர்னேஸ், அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்காகப் பெண்களைச் சிகரெட்டோடு நடக்கவிட்டார். 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பெயர். விடுதலை பேசிய பெண்களிடமிருந்து ஒரு குறிப்பானைப் பிடுங்கி லக்கி ஸ்டிரைக்கின் நுனியில் கொளுத்திய காரியம் அது. மார்ல்பரோ கதை இன்னும் வேடிக்கை. 1920களில் பெண்களின் சிகரெட்டாக விற்ற அதே பெயர், 1950களின் நடுவில் லியோ பர்னெட்டின் கைபட்டுக் கௌபாய் ஆனது. (புகையிலைக்கு ஆண்பால் பெண்பால் ஏது?) சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்த டால், ஹில் இருவரின் லண்டன் ஆய்வு 1950இல் வந்திருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவில்தான் ஃபில்டரும் குதிரையுமாக அந்த ஆண் வந்து நின்றான்.

இங்கே, 1910இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் டொபாக்கோ (இன்றைய ஐ.டி.சி.) 1960களில் வில்ஸ் ஃபில்டருக்கு 'மேட் ஃபார் ஈச் அதர்' என்ற வாசகத்தைக் கொடுத்தது. ஃபில்டரும் புகையிலையும் பொருத்தம் என்பது நேர் அர்த்தம். படத்தில் இருந்ததோ ஒரு தம்பதி. பொருத்தமான ஜோடிக்குப் போட்டிகூட நடத்தினார்கள். ஜோசியர் பார்க்கிற பத்துப் பொருத்தத்தை ஒரு சிகரெட் கம்பெனி பார்க்க ஆரம்பித்துவிட்டது! பெர்னேஸின் பெண் தானே கொளுத்தினாள். வில்ஸ் பெண் பக்கத்தில் நின்று சிரித்தாள். புருஷன் பிடிப்பதற்கு வீடு தந்த சம்மதம் அந்தச் சிரிப்பு.

பீடிக்கு இந்த ஜோடனை எதுவும் வாய்க்கவில்லை. முக்கூடல் சொக்கலால் பீடியின் சுவரெழுத்து சரக்கின் பெயரைச் சொன்னது, குடிக்கிறவன் யார் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம்தான் ஒரகடத்தில் வேலை செய்கிறது. விழுப்புரத்துப் பக்கமிருந்து ஐ.டி.ஐ. முடித்து வந்து காண்ட்ராக்டில் நிற்கிற பையனின் அப்பா பீடி குடித்தவராக இருக்கலாம், மகன் பீடி கேட்க மாட்டான். கழுத்தில் தொங்குகிற ஐ.டி. கார்டு தராத பதவி உயர்வு அந்தக் 'கிங்ஸ்' என்ற சொல்லில் இருக்கிறது. பாக்கெட்டுக்குக் காசு கட்டாது, ஒன்றே ஒன்று வாங்கலாம். ஒன்றாக வாங்குவதால், 2016 முதல் பெட்டியில் 85 சதவீதத்தை அடைத்து நிற்கிற எச்சரிக்கைப் படம் அவன் கைக்கு வருவதே இல்லை. அது கடைக்காரரோடு தங்கிவிடுகிறது. சட்டம் எழுதிய பிரதிக்கு வாசகர் அவர் ஒருவர்தான். 2020இல் மகாராஷ்டிரம் சில்லறை விற்பனைக்குத் தடை போட்டது இந்த ஓட்டையைக் கண்டுதான்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு உதட்டில் பிடித்தபோது அது எந்த பிராண்ட் என்று யார் கேட்டார்கள்? 2018இல் 'சர்கார்' போஸ்டரை சுகாதாரத் துறை நோட்டீஸுக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். விரல்களுக்குப் பழகிப்போன ஸ்டைலுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியவில்லை.

இன்னொன்று, நேரம். லைனில் நிற்பவனின் நேரத்தை கன்வேயர் அளக்கிறது. 'ஒரு தம் போட்டுட்டு வரேன்' என்றால் சூப்பர்வைசருக்கே புரியும். 'அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கணும்' என்று சொல்லிப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார். சும்மா இருப்பதற்குத் தொழிற்சாலையின் மொழியில் சொல் இல்லாததால் அந்த இடத்தில் சிகரெட் உட்கார்ந்துகொண்டது. இதற்கு ஐ.டி.சி. ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை, உற்பத்தி முறையே விளம்பரம் செய்துவிடுகிறது. புகையை விடச் சொல்கிறவர்கள் அந்த ஐந்து நிமிஷத்துக்கு வேறு பெயர் எதையும் தரவில்லை.

அதே சாலையில், செல்போன் கம்பெனிகளில் வேலை முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் விடுதிகளுக்குப் போகின்றன. அவர்களுக்கும் லைன் உண்டு, கால்வலி உண்டு. பெட்டிக்கடை வாசல் அவர்களுடையது அல்ல, 'தம்' என்ற சாக்கும் அவர்களுக்குக் கிடையாது. பெர்னேஸ் இங்கே வந்திருந்தால் பையன்களை விட்டுவிட்டு அந்தப் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.