ஈரா காலணி யாருடைய படைப்பு?

1976-ல் கலிஃபோர்னியாவின் வேன்ஸ் நிறுவனம் ‘ஸ்டைல் 95’ என்று எண்ணிட்டு ஒரு கேன்வாஸ் காலணியை வெளியிட்டது. இன்று ‘ஈரா’ என்ற பெயரில் விற்கும் அதற்கு ஒரு பெருமை சொல்லப்படுகிறது: ஸ்கேட்போர்டு வீரர்களே வடிவமைத்த முதல் காலணி அதுதான். இருபது வயதைத் தொடாத டோனி ஆல்வாவும் ஸ்டேசி பெரால்டாவும் அதை உருவாக்கிய வீரர்கள் என்கிறார்கள். விளம்பரமும் வரலாறும் பின்னிக் கிடக்கும் கூற்று இது. முந்தியது எது, காலுக்கு உதவியது எது, உருவாக்கியவர் யார் என்ற மூன்று கேள்விகளாகப் பிரித்தால்தான் இதை எடைபோட முடியும்.

முதல் கேள்விக்கு விடை எளிது. 1960-களின் நடுவிலேயே ராண்டால்ஃப் ரப்பர் நிறுவனம் ‘ராண்டி 720’ என்ற காலணியை ஸ்கேட்போர்டுக்கென்றே விற்றது. வேன்ஸின் நிறுவனர்களுள் ஒருவரான பால் வான் டோரன் முன்பு வேலை பார்த்ததும் அதே நிறுவனத்தில்தான். ஆகவே ‘முதல் ஸ்கேட்போர்டுக் காலணி’ என்ற பட்டம் ஈராவுக்குப் பொருந்தாது.

இரண்டாவது கேள்வி நுட்பமானது. வேன்ஸை வீரர்கள் நாடியதற்கு முதன்மைக் காரணம் அதன் அடிப்பாகம். தடித்த ரப்பரைக் கேன்வாஸோடு வல்கனைஸ் செய்து ஒட்டியதால் அது வளைந்து கொடுத்தது, பலகையின் அசைவைப் பாதம் உணர்ந்தது, ஒட்டுப்பிடிப்பும் கிடைத்தது. இவையெல்லாம் 1966 மார்ச் 16 அன்று அனஹைமில் ஆலையோடு கூடிய கடையைத் திறந்தபோதே வேன்ஸ் செய்த ‘ஆதென்டிக்’ காலணியில் இருந்தவை. வைர வடிவக் கட்டங்கள் மட்டும் கொண்டிருந்த அடிப்பாகம் முன்பாதம் மடங்கும் இடத்தில் விரிசல் விட்டதால், அங்கே செங்குத்துக் கோடுகளைச் சேர்த்தார்கள். அது ஆலைக்காரர்கள் தங்கள் தொழில் சிக்கலுக்குக் கண்ட தீர்வு. வீரர்கள் அதன் அருமையைக் கண்டுகொண்டார்கள், அதைப் படைக்கவில்லை.

அப்படியானால் ஈராவில் புதிதாக வந்தது என்ன? கணுக்காலைச் சுற்றிய விளிம்பில் பஞ்சுத் திண்டும், இருநிறச் சேர்க்கையும். நிறம் பெரிய புதுமையல்ல. விரும்பிய துணியில் காலணி செய்து தருவது அந்தக் கடையின் பழைய வழக்கம். திண்டின் கதை வேறு. 1970-களின் தொடக்கத்தில் யூரித்தேன் சக்கரங்கள் வந்தபின் பலகையின் வேகமும் பிடிப்பும் கூடின. கலிஃபோர்னியாவை வறட்சி வாட்டிய ஆண்டுகளில், வற்றிய நீச்சல் குளங்களின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் ஏறத் தொடங்கினார்கள். உச்சியில் தடுமாறினால் மரப்பலகை நேராகக் கணுக்காலில் வந்து மோதும். அந்த வலி பட்டவர்களுக்குத்தான் திண்டு எங்கே வேண்டும் என்று தெரியும். மாற்றம் சிறியது, ஆனால் ஆட்டத்தின் தேவை காலணியின் உருவத்தில் பதிந்தது அங்கேதான்.

மூன்றாவது கேள்வியில் எச்சரிக்கை தேவை. ஆல்வாவும் பெரால்டாவும் ஆடிய சாண்டா மோனிகாவின் ஸெஃபைர் ஸ்கேட்போர்டு அணியில் ஜே ஆடம்ஸ் இருந்தார், பெக்கி ஓகி இருந்தார், வேறு பலரும் இருந்தார்கள். குளத்துச் சுவர்களில் பிறந்த ஆட்டமுறை அவர்கள் எல்லோருக்கும் பொது. அக்காலத்தை உலகறியச் செய்த 2001-ஆம் ஆண்டின் ‘டாக்டவுன் அண்ட் இஸட்-பாய்ஸ்’ ஆவணப்படத்தை இயக்கியவர் பெரால்டா. பணம் தந்தது வேன்ஸ். அதனால் படம் பொய்யாகிவிடாது. ஆனால் பயனடைந்தவர்களே சாட்சி சொல்லும்போது, வெளியிலிருந்தும் ஒரு சான்று வேண்டும்.

காலணியை வீரர்களும் உருவாக்க முடியும் என்பதற்கு அத்தகைய சான்று, வேன்ஸின் ‘ஹாஃப் கேப்’ காலணி. 1989-ல் ஸ்கேட்போர்டு வீரர் ஸ்டீவ் கபயேரோ பெயரில் வேன்ஸ் உயரமான காலணி ஒன்றை வெளியிட்டது. வீரர்கள் அதன் மேற்பகுதியை வெட்டிக் குட்டையாக்கி அணிந்தார்கள். 1992-ல் நிறுவனமே அந்தக் குட்டை வடிவத்தை ‘ஹாஃப் கேப்’ என்ற பெயரில் தயாரித்தது. பெயர் தெரியாத பலர் தங்கள் கையால் செய்த திருத்தம் அது. வீரர்களின் ஆக்கம் என்பதற்கு ஈராவைவிட இதுவே வலுவான எடுத்துக்காட்டு.

என் முடிவு இது. ஈரா முதல் ஸ்கேட்போர்டுக் காலணி அல்ல. அதன் தலைசிறந்த குணமும் வீரர்கள் தந்ததல்ல. ஆனாலும் அணிபவரின் சொல்லை ஆலை செவிமடுத்த தொடக்கம் என்ற இடம் அதற்கு உறுதியாக உண்டு. அந்தப் பெருமையை இரண்டு பெயர்களுக்கும் ஒரு நிறுவனத்துக்கும் மட்டும் எழுதிவைப்பது நியாயமாகாது. வற்றிய குளங்களில் விழுந்து எழுந்த ஒரு தலைமுறைக்கே அதில் பங்கு உண்டு.