முடிச்சும் முடிச்சுக்குள் இருப்பதும்

திரைப்படம் முடிந்து விளக்குகள் எரியும்போது அரங்கில் நிலவும் அமைதி இரு வகைப்படும். நெஞ்சு நிறைந்ததால் வருவது ஒன்று. "எனக்குப் புரியவில்லை" என்று முதலில் வாய் திறப்பவர் யார் என ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தை நோக்குவதால் வருவது மற்றொன்று. காலத்தை முன்பின்னாகக் கலைத்துப் போட்டுக் கதை சொல்லும் மர்மப் படங்களில் இந்த இரண்டாவது அமைதியே மிகுதி. வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கும்போதும் நிலை இதுவே. "இன்னொரு தடவை பாருங்க வாப்பா, புரியும்" என்கிறார்கள். நாமும் பார்த்தோம். இரண்டாம் முறை பார்க்கையில் சில படங்கள் வளர்ந்தன. சில படங்கள் சுருங்கின. ஏன் இந்த வேறுபாடு என்பதே நம் கேள்வி.

சிக்கலான கதைசொல்லலைக் கண்டு மிரளும் மரபினர் அல்லர் நாம். நூறு மசலாவின் புதிர் வினாக்களைச் செவிமடுத்து வளர்ந்த சமுதாயம் இது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் கூனன் கதையை நினைத்துப் பாருங்கள். ஷஹ்ரஸாத் சொல்லும் கதைக்குள் ஒரு தையற்காரன் கதை சொல்கிறான். அந்தக் கதைக்குள் ஒரு நாவிதன் வந்து தன் சகோதரர்களின் கதைகளைச் சொல்கிறான். அடுக்குக்குள் அடுக்கு! ஆயினும் கேட்பவர் வழி தவறுவதில்லை. உள்ளே கதை சொல்பவர்களுக்கும் தலை தப்ப வேண்டும். வெளியே ஷஹ்ரஸாத்துக்கும் விடியும்வரை தலை தப்ப வேண்டும். கதை நீள வேண்டிய காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்த் திரையிலும் 1954ஆம் ஆண்டிலேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' என்ற படத்தைப் பாடலே இல்லாமல் எடுத்து, ஒரே கொலையைப் பலர் வாய்மொழியாகக் காட்டினார். எனவே புதுமை குற்றமாகாது, சிக்கலும் குற்றமாகாது. அந்தச் சிக்கல் எதற்காக என்பதே ஆராயத்தக்கது.

இரு படங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கிறிஸ்டோபர் நோலன் இயக்கியவை. ஒருவர் கையிலேயே ஒரே வித்தை இருவேறு பயன் தருவதை அவற்றில் காணலாம். முடிவுகளைச் சொல்லாமல் ஆராய வழியில்லை என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலாவது, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெமெண்டோ'. இயக்குநரின் தம்பி ஜோனதனின் சிறுகதையிலிருந்து பிறந்தது. லெனர்ட் என்பவன் தலையில் அடிபட்டவன். அதற்கு முந்தைய வாழ்வு அவன் நினைவில் இருக்கிறது. அதற்குப் பின் நிகழ்பவை சில நிமிடங்களில் மறைந்துவிடுகின்றன. மனைவியைக் கொன்றவனைத் தேடுவதாக நம்பும் அவன், உடனடிப் புகைப்படங்களையும் குறிப்புச் சீட்டுகளையும் உடலில் குத்திய பச்சை எழுத்துகளையும் துணைகொண்டு நடமாடுகிறான். வண்ணக் காட்சிகள் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் செல்கின்றன. இடையிடையே வரும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வருகின்றன. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஒரு புகைப்படத் தாளில் உருவம் தெளியத் தெளிய, கறுப்பு வெள்ளை வண்ணமாக மாறும் இடம் அது.

இது வெறும் வித்தையா? ஒரு காட்சியை எடைபோட்டுப் பார்ப்போம். முகம் வீங்கிய நிலையில் நாட்டலி என்னும் பெண் வருகிறாள். தன்னை ஒருவன் அடித்துவிட்டதாகச் சொல்லி அழுகிறாள். லெனர்ட் இரங்குகிறான், நாமும் இரங்குகிறோம். அதற்கு முன் நடந்தது பின்னரே காட்டப்படுகிறது. வீட்டிலுள்ள எழுதுகோல்களையெல்லாம் அவள் எடுத்து ஒளித்துவிட்டு, அவன் மனைவியை இழித்துப் பேசி, அவனைக் கொண்டே தன்னை அடிக்க வைக்கிறாள். பிறகு வெளியே சென்று காரில் அமர்ந்து, அவன் மறக்கும்வரை காத்திருக்கிறாள். உள்ளே அவனோ, நடந்ததை எழுதி வைக்க ஓர் எழுதுகோல் தேடித் தவிக்கிறான்.

இதை நேர்வரிசையில் சொல்லியிருந்தால் அவளை நாம் முதலிலேயே வெறுத்திருப்போம். அவனுக்காகப் பரிதாபப்பட்டு மேலிருந்து பார்த்திருப்போம். தலைகீழ் வரிசை நம்மை அவன் பக்கத்தில் உட்கார வைக்கிறது. நாமும் ஏமாந்தோம். முன்னும் பின்னும் அறியாமல் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னோம். அன்றாட வாழ்வில் பாதி விவரம் கேட்டு முழுத் தீர்ப்பு வழங்கும் நம் வழக்கத்தை இக்காட்சி நமக்கே எடுத்துக்காட்டுகிறது.

படத்தின் முடிவு இன்னும் கடுமையானது. உண்மைக் குற்றவாளியை அவன் முன்பே கொன்றுவிட்டான் என்று டெடி என்பவன் சொல்கிறான். லெனர்டுக்கு அது கசக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் தான் மறந்துவிடுவோம் என்று தெரிந்தே, டெடியின் கார் எண்ணைக் குற்றவாளியின் எண்ணாக எழுதி வைக்கிறான். பிறர் பொய்யால் கெட்டவன் என்று நாம் எண்ணியிருந்தவன், தன் கையாலேயே தனக்குப் பொய் எழுதிக்கொள்கிறான். நினைவு பழுதானது நோய். உண்மையை வேண்டாமென்று தள்ளியது அவன் தேர்வு. இந்த வேறுபாட்டைக் கடைசியில் நம் முன் வைக்கவே படம் பின்னோக்கி நடந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. புதியன எதுவும் மனத்தில் தங்காதவனுக்குத் தனக்கு இந்நோய் இருப்பது மட்டும் எவ்வாறு நினைவிருக்கிறது? படம் இதற்கு நிறைவான விடை தரவில்லை. எனினும் ஓட்டை இருந்தும் பாத்திரம் நிரம்பியிருக்கிறது.

ஏறத்தாழ இதே நோய், இதே பச்சை எழுத்து, இதே புகைப்படங்களோடு 2005இல் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய 'கஜினி' தமிழில் வந்தது. தலைகீழ் வரிசையை அது விட்டுவிட்டது. காதலையும் அதன் இழப்பையும் முன்னிறுத்தியது. கல்பனாவின் மரணத்துக்கு மக்கள் கண்ணீர் விட்டனர். அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் மனிதன் அதில் இல்லை. வரிசை நேரானதும் அவனுக்கு இடமில்லாமல் போயிற்று. மூலத்தில் வடிவமும் பொருளும் எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தன என்பதற்கு இதுவே சான்று.

இனி இரண்டாவது படம்: 2020இல் வெளிவந்த 'டெனெட்'. ஆங்கில எழுத்துகளில் இப்பெயரை எப்பக்கம் படித்தாலும் ஒன்றே. நம் யாப்பு நூலார் இதனை மாலைமாற்று என்பர். கதையும் அப்படியே: துப்பாக்கிக் குண்டு சுவரிலிருந்து துப்பாக்கிக்குத் திரும்புகிறது, மனிதர்கள் காலத்தில் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். மும்பையிலும் படமாக்கினார்கள், டிம்பிள் கபாடியா நடித்திருக்கிறார். உழைப்பு மலைக்க வைக்கிறது. முகமூடி அணிந்த ஒருவனோடு நாயகன் மோதும் சண்டை, பின்னர் மறுபக்கத்திலிருந்து காட்டப்படும்போது அவன் மோதியது தன்னோடுதான் என்று தெரிகிறது. வியந்தோம்.

வியப்புக்குப் பின்? நாயகனுக்குப் பெயர்கூட இல்லை. உலகம் அழியப்போகிறது என்கிறார்கள். அந்த உலகில் நாம் நேசிக்கும்படி ஒரு வீடோ தெருவோ காட்டப்படவில்லை. கணவனின் கொடுமையில் சிக்கி மகனுக்காகத் தவிக்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். அவள் துயரையும் விளக்க உரைகளே விழுங்கிவிடுகின்றன. அவ்வுரைகளிலும் பல, இசையின் இரைச்சலில் காதில் விழவில்லை. இதைப் புரிந்துகொள்ள முயலாதே என்று விஞ்ஞானி ஒருத்தி நாயகனுக்கு அறிவுரை சொல்கிறாள். அது நமக்கும் சொன்னது போலவே பட்டது.

நீதியாகச் சொல்வதானால் இதிலும் ஓரிடம் உண்டு. நீல் என்னும் தோழன் இறுதியில் விடைபெறுகிறான். நாயகனுக்கு அந்த நட்பு அப்போதுதான் தொடங்குகிறது. நீலுக்கோ அங்கே முடிகிறது. தான் சாகப்போகும் இடத்துக்கு அவன் சிரித்த முகத்தோடு போகிறான். எதிரெதிர்த் திசையில் ஓடிய காலம் அந்த ஒரு நொடியில் மனித உறவாகிறது. நம் கண்ணும் கலங்குகிறது. நூற்றைம்பது நிமிடப் படத்தில் இத்தகைய நொடிகள் இன்னும் சில இருந்திருந்தால் நம் தீர்ப்பு மாறியிருக்கும்.

ஆகவே நமக்குக் கிடைக்கும் அளவுகோல் எளியது. கதையை மனத்துக்குள் நேராக அடுக்கிப் பாருங்கள். அப்படி அடுக்கியதும் ஒரு மனிதனைப் பற்றிய உண்மை கைநழுவிப் போகுமானால், சிக்கல் தேவையானதே. விடுகதை மட்டுமே கைநழுவுமானால், அது கண்கட்டு.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். "புரியவில்லை" என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். புரியாததெல்லாம் ஆழமென்று எண்ணவும் வேண்டாம். நம் வீட்டு மூத்தம்மாமார் முந்தானையில் முடிச்சிட்டு வைத்திருப்பார்கள். பேரப்பிள்ளைகள் பல்லால் கடித்தேனும் அதை அவிழ்ப்பார்கள். உள்ளே காசு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வெறும் முடிச்சை எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை அவிழ்ப்பதில்லை.