பவர் சப்ளை வரியைப் படித்தாயா?

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி பிரிக்பீல்ட்ஸ் வந்த அக்காள் மகன், வாழை இலையில் சோறு விழுவதற்குள் ஒரு விலைச்சீட்டை விரித்தான். “மாமா, கேமிங் பிசி. என்கிட்ட இருக்கிற வெள்ளிக்குள்ள ஃபுல் செட். ஓகேவா?” எஸ்.பி.எம். முடித்துவிட்டுப் பகுதி நேர வேலையில் சேர்த்த காசு. சும்மா தலையாட்ட மனம் வரவில்லை.

ரைசன் 5 5600ஜி, ஏ520 போர்டு, 16 ஜிபி ராம் ஒரே பட்டையாக, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு, ஆறு விசிறி மின்னும் கண்ணாடிப் பெட்டி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குப்பையில்லை. கோளாறு சேர்க்கையில் இருக்கிறது.

5600ஜி சிப்புக்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. தனி கார்டு செருகினால் விளையாட்டுக்கு அது சும்மா கிடக்கும். காசு மட்டும் கொடுத்தாயிற்று. சாதாரண 5600இல் 32 எம்பி இருக்கும் எல்3 கேஷ் இதில் பாதிதான். பிசிஐஇயும் 4.0 அல்ல, 3.0. பல கார்டுகளுக்கு இது பெரிய குறையில்லை. ஆனால் 2022 ஜனவரியில் வந்த 6500 எக்ஸ்டி நான்கே தடங்களில் ஓடுவது, நினைவகமும் 4 ஜிபிதான். அது நிரம்பியதும் மிச்சத்தை அந்தச் சந்து வழியாக ராமிலிருந்து இழுக்கும்; 3.0 போர்டில் சந்தின் அகலம் மேலும் பாதி. மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் ஹைவேயை ஒரே தடமாக்கினால் எப்படியிருக்கும்? படம் திக்கித் திக்கி நகரும்.

5600ஜியைப் பழிக்கவில்லை. கார்டே வேண்டாம், வேலரண்டும் டோட்டா 2உம் போதும் என்பவனுக்கு அதுதான் சரி. அப்போதும் ராம் இரண்டு 8 ஜிபி பட்டைகளாக இருக்க வேண்டும். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ராமையே கடன் வாங்குவதால், ஒற்றைப் பட்டை அதன் மூச்சைப் பாதியாக்கிவிடும். 2025 கடைசியில் ராம் விலை எகிறியபின் ஒரு பட்டையோடு நிறுத்த யாருக்கும் ஆசை வரும்தான்.

கடைசி வரிதான் என்னை உறுத்தியது. மற்ற வரிகளிலெல்லாம் பெயரும் மாடலும் இருக்க, பவர் சப்ளைக்கு மட்டும் ‘500 வாட்’. பெயரில்லை, வாரண்டி இல்லை. எல்லாப் பாகத்துக்கும் சோறு போடுகிற ஒன்றுக்கு ஊர்பேர் தெரியவில்லை! கெட்டால் அது தனியாகப் போகாமல் போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

சீட்டைத் திருப்பிப்போட்டு எழுதினேன். சிப், சாதாரண 5600. கை கடித்தால் நான்கு கோர் ஐ3-12100எஃப், அதற்கேற்ற போர்டோடு. கார்டு, ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, எட்டுத் தடம், 132 வாட். அதற்கு 450 வாட் போதும் என்கிறது ஏஎம்டி. ஏ520 போர்டே இருக்கட்டும். எட்டுத் தட கார்டுக்கு 3.0ஆல் பெரிய இழப்பில்லை. மின்னும் பெட்டிக்குப் பதில் முன்பக்கம் வலை போட்ட சாதாரணப் பெட்டி. ஏர்கோன் இல்லாத கிள்ளான் அறையில் கண்ணாடி வெப்பத்தைப் பூட்டி வைக்கும்.

“லைட் எரியாதா மாமா?”

எரியாது. கேஎல் சென்ட்ரலில் மோனோரயில் பிடித்து இம்பியில் இறங்கினால் லோயாட் நடை தூரம்தான். இரண்டு மூன்று கடையில் கேள். பவர் சப்ளையின் பெயர், மாடல், வாரண்டி ஆண்டு மூன்றையும் சீட்டில் எழுதித் தராத கடையில் காசை எடுக்காதே.