ஐம்பது முகங்கள்! அந்த நங்கை எங்கே?

மாணவன் பிழையாக எழுதிய சொல்லை, 'ஐம்பது முறை எழுதி வா!' என்பது பள்ளிகளில் பழகிப்போன தண்டனை. நானும் தந்ததுண்டு. முதல் ஐந்து வரிகள் முத்து முத்தாக இருக்கும். இருபதைத் தாண்டியதும் கை ஓடும், கருத்து உறங்கும். ஐம்பதாம் வரியில் எழுத்து இருக்கும், பொருள் இராது!

சொல்லுக்கு நேரும் இந்தக் கதி முகத்துக்கும் நேருமோ? நேரும் என்று காட்டியவர் ஓர் அமெரிக்க ஓவியர். 'பாப்' கலையின் தலைமகன் எனப் பாராட்டப் பெற்ற ஆண்டி வார்ஹால்!

மாளிகையில் பிறந்தவரல்லர் அவர். இன்றைய சுலோவாகியா நாட்டு மலைச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளிக் குடும்பம்; எஃகு நகரான பிட்ஸ்பர்க்கில் 1928-இல் பிறப்பு. ஞாயிறுதோறும் அன்னையுடன் கோயில். அங்கே எதிரே, புனிதர்களின் உருவங்கள் வரிசை வரிசையாகத் தீட்டிய சுவர். நோயுற்றுப் படுத்த நாட்களில் கையிலே சினிமா ஏடுகள். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் கையொப்பமிட்ட படம் அந்தச் சிறுவன் சேர்த்து வைத்த செல்வங்களுள் ஒன்று! அங்கே புனிதர், இங்கே நட்சத்திரம். தொழும் கண் மட்டும் ஒன்றே!

1949-இல் நியூயார்க் சேர்ந்தவர், காலணி விளம்பரங்கள் வரைந்து பெயர் பெற்றார். 1962 கோடையில், காம்பெல் சூப் டப்பாக்களை 32 படங்களாகத் தீட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வரிசையாக நிறுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 36 வயதிலே, மர்லின் மன்றோ மாண்டார். உலகம் கண்ணீர் வடித்தது. ஓவியர் ஒரு புகைப்படம் தேடினார். 1953-இல் வெளிவந்த 'நயாகரா' படத்துக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம் கிடைத்தது. சில்க் ஸ்கிரீன் முறையில் அதனை அச்சிட்டார். ஒரு முறையன்று, ஐம்பது முறை!

இரு பலகைகள் கொண்டது அந்த ஓவியம். பழங்காலத் தேவாலயப் படங்களின் அமைப்பு. இடப்பக்கம் இருபத்தைந்து முகங்கள்: மஞ்சள் கூந்தல், நீலப் பச்சை இமை, சிவந்த இதழ். வலப்பக்கம் இருபத்தைந்து: வெறும் கருமை. ஓரிடத்தில் மை மிகுந்து முகத்தையே விழுங்குகிறது. போகப் போக மை வற்றுகிறது. வல ஓரத்திலோ முகம் புகையாய்க் கரைகிறது. எல்லா முகத்திலும் அதே புன்னகை!

'இறந்தவருக்குச் செய்த அஞ்சலி' என்பர் சிலர். 'டப்பாவை அடுக்கியவர் நடிகையையும் அடுக்கினார். அவ்வளவே' என்பர் வேறு சிலர். இரண்டும் அரை உண்மை. என் கண்ணுக்கு அது ஒரு குற்றப் பத்திரிகை! பெண்ணொருத்தியைப் படமாக்கி, படத்தைப் பண்டமாக்கி, பண்டத்தை வழிபாட்டுப் பொருளாக்கிய வாணிகத்தின்மீது சாட்டப்பட்ட குற்றம். கூண்டிலே நிற்பவர் பட முதலாளி மட்டுமா? பார்த்துப் பார்த்துப் பசியாறாத நாமும்தான்!

இத்துணைத் தெளிவாகக் கண்டவர், பிறகு என் செய்தார்? இங்கேதான் நெஞ்சம் நோகிறது. 1968 ஜூன் 3-ஆம் நாள் அவர் துப்பாக்கியால் சுடப்பட்டார். சாவின் வாயிலிலிருந்து மீண்டார். இரண்டே நாளில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். ஏடுகளின் முதற்பக்கத்தை அச்செய்தி கைப்பற்றியது. புகழ் எத்துணை நிலையாதது என்பதைத் தம் குருதியாலேயே கற்றவர் அவர். கற்றும் விலகினாரில்லை! எழுபதுகளில், பணம் படைத்தோர் முகங்களை வண்ணத்தில் வார்ப்பதே தொழிலாயிற்று; படமொன்றுக்கு 25,000 டாலர். நடிகர் வந்தனர், செல்வர் வந்தனர், ஈரான் மன்னரின் முகமும் அந்த வரிசையில் வந்தது. மன்றோவின் முகத்தை மங்கவைத்துக் காட்டிய கை, மன்னரின் முகத்துக்கு மெருகேற்றிக் கொடுத்தது!

'அவர் கண்ணாடி; கண்ணாடி தீர்ப்புச் சொல்லாது' என வாதிடுவோர் உண்டு. ஒப்புவேன், ஆனால், கண்ணாடி கூலி வாங்குவதில்லையே! 1962-இல் தீர்ப்பு எழுதியவர், பின்னாளில் தாமே அந்தச் சந்தையில் கடை விரித்தார் என்பதே உண்மை.

அதற்காக ஓவியத்தை எறிந்துவிடலாமா? கூடாது. ஓவியர் தளர்ந்த இடத்தில் ஓவியம் தளரவில்லை. 1987-இல் அவர் மறைந்தார். 1964-இல் அவர் தீட்டிய மன்றோவின் முகம் ஒன்று, 2022 மே திங்களில் ஏறத்தாழ 19.5 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று! மாண்டவரின் முகத்துக்கு மதிப்பு இன்னும் ஏறுகிறது. ஓவியம் சாட்டிய குற்றத்துக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஐம்பது முறை எழுதச் சொல்லும் தண்டனையை நான் நிறுத்திவிட்டேன். 'அச்சொல்லை வைத்து உன் சொந்த வாக்கியம் ஒன்று எழுது' என்கிறேன். ஒரு வாக்கியம் போதும். சொல் உயிர் பெற்றுவிடுகிறது.

மன்றோவுக்கும் ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்போமா? நார்மா ஜீன் என்ற பெயரில் வளர்ந்து, பிறர் வீடுகளிலும் அநாதை விடுதியிலும் பிள்ளைப் பருவம் கழித்து, போர்க்காலத்தில் தொழிற்சாலையில் உழைத்து, படநிறுவனம் திணித்த வேடங்களை மறுத்துத் தன் பெயரிலேயே ஒரு படநிறுவனம் கண்ட உழைப்பாளிப் பெண் அவர்.

ஐம்பது முகங்களிலும் காணாத நங்கை, இந்த ஒரு வாக்கியத்தில் சற்றே தலை நிமிர்கிறாரன்றோ?