அமேசான் மகளிர்: புனைவும் புதைகுழியும்

அலெக்சாந்தர் மாண்டு ஆண்டுகள் சில கழிந்தன. அவனுடைய படைத்தலைவருள் ஒருவனாயிருந்து பின்னர் முடி புனைந்த லைசிமாக்கசின் முன்னிலையில் ஒரு நூல் படிக்கப்பட்டது. படித்தவர் ஒனெசிகிரிட்டஸ், அலெக்சாந்தரின் படையெடுப்பில் உடன் சென்றவர். அமேசான் அரசி அம்மாவீரனை நாடி வந்த கதையை அவர் படித்தபோது மன்னன் முறுவலித்து, அந்நேரம் தான் எங்கே இருந்தான் என்று கேட்டானாம். புளூட்டார்க் எழுதி வைத்த செய்தி இது. உடனிருந்தவன் கண்ணிற் படாத அரசி, ஏட்டிலே மட்டும் எப்படி வந்தாள்?

வந்தது மட்டுமா! 300 மங்கையர் புடைசூழ வந்தாளாம். அலெக்சாந்தர் வழியாக ஒரு மகவு வேண்டினாளாம். 13 நாள் தங்கினாளாம். நாடாண்ட நங்கை, வாளேந்திய வனிதை, ஓர் ஆடவனின் பாசறை வாயிலில் பிள்ளைவரம் கேட்டு நிற்கிறாள். கதை கட்டியவனின் உள்ளக்கிடக்கையை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சான்றும் வேண்டுமோ?

கிரேக்கரின் பழங்கதைகளைப் புரட்டிப் பாருங்கள். அரசி இப்போலிட்டாவின் இடைக்கச்சையைக் கவர்ந்து வருகிறான் ஹெராக்கிளிஸ். அந்தியோப்பை என்பவளைத் தூக்கி வருகிறான் தீசியஸ். திராய் நகரின் துணைக்கு வந்த பென்தெசிலியாவைக் கொன்று வீழ்த்துகிறான் அக்கில்லீஸ். வீழ்த்திய பிறகே அவள் முகத்தழகைக் கண்டு காதலுற்றானாம்! காதலிக்கப்படுவதற்கும் அவள் பிணமாக வேண்டியிருந்தது. அமேசான் மகளிர் அஞ்சாதவர், ஆண்மை மிக்கவர் என்று வாயாரப் புகழ்வார்கள். புகழ்ந்து முடித்ததும் ஒரு வீரனைக் கொணர்ந்து அவர்களை வீழ்த்துவார்கள். வீரனுக்குப் பெருமை சேர வேண்டும். அதற்கு வலிய எதிரி வேண்டும். அந்த அளவுக்குத்தான் அவர்களுக்கு வீரம் வழங்கப்பட்டது.

ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலின் மேற்குப் புறத்திலே அமேசான் போர் சிற்பமாகச் செதுக்கப்பட்டது. போரில் மாண்டோரைப் போற்றும் சொற்பொழிவுகளில், நம் முன்னோர் அமேசான் படையை அழித்தனர் என்று முழங்கினர் நாவலர்கள். அதே ஏதென்சில் பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை, மன்றத்தில் இடமில்லை, தந்தை, கணவன், மகன் என்று யாரேனும் ஓர் ஆடவனின் காவலிலேதான் வாழ்வு. அடங்கிய மகளிர் வீட்டுக்குள், அடக்கப்பட்ட மகளிர் கோயிற் சுவரில்!

இதைப் படிக்கும்போது நம் அல்லி நினைவுக்கு வராமல் இருப்பாளா? மதுரையைத் தனித்து ஆண்டவள், ஆடவர் வாடையே ஆகாதென்றிருந்தவள் என்று வருணிக்கும் அல்லி அரசாணி மாலை. அவளை அர்ச்சுனன் களத்திலா வென்றான்? கண்ணன் துணையோடு பாம்பு வடிவெடுத்து அரண்மனை புகுந்து, உறங்கியவள் கழுத்திலே தாலி கட்டினான். பெண் சொல் எடுபடும் வீட்டை 'அல்லி தர்பார்' என்று எள்ளுகிறோம். உறக்கத்திலே தாலி கட்டிய திருட்டை எள்ளுவார் எவருமில்லை. அல்லி வரலாற்று மாது என்று வாதிடுவது என் நோக்கமன்று. கிரேக்கத்தில் கதை கட்டிய கைக்கும் இங்கே கட்டிய கைக்கும் வேற்றுமை இல்லை என்பதையே சுட்டுகிறேன்.

அப்படியானால் அமேசான் கதை முழுதும் பொய்யென்று தள்ளிவிடலாமோ? தள்ளியவர் அன்றே உண்டு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நிலநூலறிஞர் ஸ்ட்ராபோ இக்கதையை நம்ப மறுத்தார். நன்று. ஆனால் அவர் காட்டிய காரணம் என்ன? ஆடவர் இன்றிப் பெண்கள் ஒரு படையையோ ஊரையோ குலத்தையோ அமைத்து நடத்தல் இயலுமா என்பது! சான்று தேடி எழுந்த ஐயமா இது? பெண்ணால் முடியாது என்ற பழைய பல்லவியே அறிவின் ஆடை உடுத்து வந்தது. நம்பாதவர் எல்லாரும் ஆராய்ந்தவர் ஆகிவிடார்.

அவருக்கும் முன்பே, கி.மு. 5ஆம் நூற்றாண்டிலே, ஹெரோடோடஸ் வேறொரு செய்தி தருகிறார். கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சௌரோமதியர் குலத்துப் பெண்கள் குதிரையேறி வேட்டைக்குச் செல்வர். ஆடவரோடு போருக்கும் போவர். ஆடவர் உடையையே உடுத்துவர். பகைவன் ஒருவனையேனும் கொல்லாத கன்னிக்கு மணமில்லை. கொங்கை அரிந்த கதை அவர் நூலில் இல்லை. அது, அமேசான் என்ற சொல்லைப் பிளந்து 'கொங்கை இல்லாதவர்' எனப் பொருள் கண்ட சொல்லாராய்ச்சியாளரின் கைவண்ணம். கிரேக்கச் சிற்பியும் ஓவியனும் அதை நம்பினார்களில்லை. அவர்கள் படைத்த அமேசான் மகளிர் குறையற்ற மேனியரே. ஒலிம்பிக் பந்தயத்தில் வில் வளைக்கும் மங்கையரைக் கண்ட நமக்கோ அந்தப் புளுகு நகைப்பையே தரும்.

ஏடு எதைச் சொன்னாலும் மண் என்ன சொல்கிறது? உருசிய நாட்டில், கசக்ஸ்தான் எல்லையருகே போக்ரோவ்காவில் 1992 முதல் 1995 வரை மேடுகளை அகழ்ந்தனர். பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் கால் எலும்புகள் வளைந்திருந்தன. குதிரைமேல் வளர்ந்த வாழ்வின் தடம் என்றனர் ஆய்ந்தவர். அவளருகே குறுவாளும் அம்புகளும். வேறொரு பெண்ணின் உடற்கூட்டினுள்ளே வளைந்த அம்புமுனை கிடந்தது. சடங்குக்காக வைத்த படைக்கலம் என்று சொல்லித் தப்ப நினைப்பவர், அந்த அம்பை எந்தச் சடங்கில் சேர்ப்பாரோ?

சைபீரியாவின் துவா பகுதியிலே, சாரிக்-புலுன் என்னுமிடத்தில் 1988இல் கிடைத்த, சுமார் 2600 ஆண்டுப் பழமையுடைய உடலின் கதை இன்னும் சுவையானது. கோடரி இருந்தது, வில் இருந்தது, அம்புகள் இருந்தன. மணிமாலை இல்லை, கண்ணாடி இல்லை. எனவே சிறுவன் என்று முடிவு கட்டினர். 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அது பதினான்கு வயதும் நிரம்பாத ஒரு சிறுமியின் உடல் என்று காட்டிற்று. ஸ்ட்ராபோவின் ஐயம் ஆய்வுக்கூடம் வரை வந்து முப்பதாண்டு குடியிருந்திருக்கிறது!

ஆடவரே இல்லாத பெண்கள் நாடு எங்கும் அகப்படவில்லை. அகப்படும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை. ஆடவர் புதைகுழிகளும் அதே புல்வெளிகளில் நிறைந்துள்ளன. குலத்துப் பெண்டிர் அனைவரும் போர் புரிந்தனர் என்பதற்கும் சான்று இல்லை. சிலர் புரிந்தனர், வில்லும் வேலும் அவர்களோடு புதைந்தன. தனி நாடும், அரிந்த கொங்கையும், அலெக்சாந்தரின் பாசறையும் பின்னர் ஒட்ட வைத்தவை.

2019இல் வொரோனெஷ் வட்டாரத்துத் தெவீத்சாவில் கிடைத்தது ஒரே புதைகுழி. அதிலே நான்கு பெண்கள். இளையவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. மூத்தவளுக்கு ஐம்பதை எட்டும் அகவை, தலையில் பொற்கவிப்பு. முப்பதுக்கு மேற்பட்ட இரும்பு அம்புமுனைகள். அவர்களுள் ஓர் இளம்பெண்ணைக் குதிரைமேல் அமர்ந்த நிலையிலே கால்களை அமைத்துக் கிடத்தியிருந்தனர். இடப்பக்கம் இரண்டு ஈட்டிகள், தோளின் கீழே ஒரு வெண்கலக் கண்ணாடி, கையிலே மணிவளை.