30 டெஸ்ட் ஆடிய தகுதி

2024 மே மாதம், இந்திய ஆடவர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேண்டும் என்று கிரிக்கெட் வாரியம் விளம்பரம் கொடுத்தது. விண்ணப்பிப்பவர் 30 டெஸ்ட் அல்லது 50 ஒருநாள் போட்டிகள் ஆடியிருக்க வேண்டும். அல்லது டெஸ்ட் ஆடும் நாடு ஒன்றுக்கு 2 ஆண்டாவது தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்க வேண்டும். இன்னும் சில ‘அல்லது’கள். ஜூலையில் கவுதம் கம்பீர் பொறுப்பேற்றார். 2007 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியில் 75 ரன், 2011 உலகக் கோப்பை இறுதியில் 97. ஐபிஎல்லில் மூன்று பருவம் ஆலோசகராக இருந்தவர், எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. இவ்வளவு ஆடியவருக்கு இன்னும் என்ன தகுதி வேண்டும் என்று அவர் சார்பில் கேட்டார்கள். பிறகு சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 0-3 என்று தோற்றதும், சாம்பியன்ஸ் கோப்பையை வென்றதும் நடந்தன. ஆளாளுக்குத் தோதானதை எடுத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை. என் வழக்கு ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் நடுவே நிற்கும் அந்த ‘அல்லது’வோடு. ஆடிய அனுபவத்தையும் கற்றுக்கொடுத்த அனுபவத்தையும் ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று அது சொல்கிறது. ஈடில்லை என்பதே பல ஆண்டுகளாக என் கட்சி.

ஆடி முடித்தவர்கள் பயிற்சிக்கு வரவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. தோல்விக்குப் பிறகு ஓய்வறையில் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். காயம்பட்டு ஆறு மாதம் வீட்டில் கிடப்பவனின் மனசு தெரியும். வீரர்கள் அவர்கள் பேச்சுக்குக் காதுகொடுப்பார்கள். தடகளத்திலும் கபடியிலும் முப்பது வயதில் ஓய்ந்துபோகிறவருக்கு அது பிழைப்பும்கூட. 2001இல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்ற கோபிசந்த், ஹைதராபாதில் அகாடமி தொடங்கி சாய்னாவையும் சிந்துவையும் ஒலிம்பிக் மேடையில் ஏற்றியதை எல்லோரும் அறிவோம். இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை வேறு இடத்தில். சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கோடைக்கால கேம்ப். என் அக்கா மகனுக்கு அப்போது 11 வயது. சவுக்குக் கம்பு நட்டுக் கட்டிய நெட்ஸ், மேட் விக்கெட். கோச், மாநில அணிக்கு ஆடியவர். நல்ல மனிதர், குழந்தைகளை ஒரு சுடுசொல் சொல்லாதவர். பையன் டிரைவ் ஆடினால் பந்து தூக்கிக்கொண்டு போனது. கோச் மட்டையை வாங்கி மூன்று பந்து ஆடிக் காட்டினார். மூன்றும் தரையோடு தரையாகப் போயின. “பாத்தியா? அவ்வளவுதான். இப்படி ஆடு.” பையன் தலையாட்டினான். அடுத்த பந்தும் தூக்கியது. “முழங்கையைத் தூக்குப்பா.” தூக்கினான், கூடவே தோளும் ஏறியது. பந்து மட்டையின் விளிம்பில் பட்டது. நான்கு நாள் இதே கதை. நான்காம் நாள் மாலை வீட்டுக்கு வந்து, “எனக்கு வராது மாமா” என்றான்.

த்ரோ டவுன் போட ஒரு பெரியவர் வருவார், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். ஐந்தாம் நாள் அவர் பந்து போடுவதை நிறுத்திவிட்டு, “இடது கையால மட்டும் மட்டையை நேரா நீட்டிப் பிடி, பாப்போம்” என்றார். மட்டையின் நுனி நடுங்கி நடுங்கித் தரைக்கு இறங்கியது. அது அவன் அண்ணன் மட்டை, பெரியவர்கள் ஆடும் அளவு. மேல் கைக்கு அதைத் தாங்கும் வலு இல்லாததால் கீழ்க் கை இறுகப் பிடித்து இழுக்கிறது, இழுக்கிற இழுப்பில் பந்து எழும்புகிறது. கிட் பையிலிருந்து ஒரு சின்ன மட்டையை எடுத்துக் கொடுத்தார். முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து பந்தில் ஏழு தரையோடு போயின.

கோச் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. டிரைவ் ஆடும்போது முன் முழங்கை உயரத்தான் வேண்டும், அவருக்கும் உயர்ந்தது. அவர் கண்டது தன் ஆட்டத்தை. வாத்தியார் கண்டது பையனின் மணிக்கட்டை. கோச்சும் 11 வயதில் இதே சிக்கலைத் தாண்டித்தான் வந்திருப்பார். தாண்டியதை அவர் உடம்பு வைத்துக்கொண்டது, மனசு விட்டுவிட்டது. பெரிய ஆட்டக்காரருக்கு இது இன்னும் சீக்கிரம் நடந்துவிடுகிறது, ஏனென்றால் அவர் தடுக்கிய இடங்களே குறைவு.

ஆடுகிறவர் தன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதே பல நேரம் சரியாக இருப்பதில்லை என்பதற்குச் சான்று உண்டு. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரு ஆய்வாளர்கள் மட்டையாளர்களின் கண் அசைவைக் கேமரா பொருத்திப் பதிவுசெய்து 2000இல் வெளியிட்டார்கள். பந்து கையிலிருந்து கிளம்புவதைக் கண் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது எங்கே குத்தும் என்று கணித்து அந்த இடத்துக்கு முன்கூட்டியே தாவிப் போய்க் காத்திருக்கிறது. ஆட்டம் தேர்ந்தவரின் கண் சீக்கிரம் தாவுகிறது. ஆனால் உலகத்திலுள்ள கோச்சுகள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்வது என்ன? “பந்தை மட்டைக்கு வர்ற வரைக்கும் பாரு.” தாங்கள் அப்படித்தான் பார்த்ததாக அவர்கள் மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் 30 டெஸ்ட் கணக்குப் போட்டுத் தகுதி என்று ஏற்கிறோம்.

கற்பிப்பது தனித் தொழில். எதை இப்போது சொல்வது, எதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பது என்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. செஸ் ஆட்டக்காரர் குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை செஸ் எஞ்சினைத் தொடவிடவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் கணினியே கதி என்று இருந்த காலம் அது. சொந்தமாகக் கணக்கிடும் பழக்கம் முதலில் ஊறட்டும் என்று ஒருவர் துணிந்து எடுத்த முடிவு. விஷ்ணுவும் கிராண்ட்மாஸ்டர்தான், ஆனால் உலகின் முன்வரிசை ஆட்டக்காரர் இல்லை. தன் ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். பிரக்ஞானந்தாவையும் வைஷாலியையும் உருவாக்கிய ஆர்.பி. ரமேஷும் அப்படியே. 1985இல் துரோணாச்சார்யா விருது தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே அதைப் பெற்ற ஓ.எம். நம்பியார், பி.டி. உஷாவைப் பள்ளிப் பிள்ளையாகக் கண்டெடுத்தவர். நம்பியார் ஓடியது விமானப்படைக்காக. சச்சினை உருவாக்கிய ரமாகாந்த் அச்ரேக்கர் ஆடியது ஒரே ஒரு முதல்தரப் போட்டி. எத்தனை டெஸ்ட் ஆடினீர்கள் என்று கேட்கும் வாசலில் அச்ரேக்கர் நிற்கவே முடியாது.

எதிர்ப்பக்கம் 1999. கபில்தேவ், 131 டெஸ்ட், 434 விக்கெட். பயிற்சி அனுபவம் இல்லாமல் நேரே தேசிய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். ஆஸ்திரேலியாவில் 0-3, சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவிடம் 0-2. ஓராண்டுக்குள் விலகினார்; விலகலுக்கு வேறு காரணங்களும் இருந்தன. அடுத்து வந்த ஜான் ரைட்டும் 82 டெஸ்ட் ஆடியவரே. ஆனால் வருவதற்கு முன் இங்கிலாந்தில் கென்ட் அணிக்குப் பயிற்சியளித்துக் கை பழகியிருந்தார். இருவரும் டெஸ்ட் ஆடியவர்கள், இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்தப் பழக்கம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அணியில் இருந்த ஆட்கள், எதிரணி, ஆடுகளம் என்று வேறு காரணம் காட்டுவார்கள். காட்டட்டும். நட்சத்திரம் தடுமாறும்போது மட்டும் இத்தனை காரணம் தேடுகிற நாம், மாவட்ட கோச் தடுமாறினால் ஒரு காரணமும் தேடுவதில்லை.

பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961 முதல் இருக்கிறது. அங்கே ஒரு வருடம் தங்கிப் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு வந்து, ஊர் மைதானத்தில் காலை ஐந்தரைக்கு விசிலோடு நிற்பவர்கள் இந்த நாடு முழுக்க உண்டு. நட்சத்திரத்தின் படம் போட்ட கோடைக்கால கேம்ப் பேனர் ஒன்று ஊரில் கட்டப்பட்டால், அவர்களிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே போய்விடுகிறார்கள். பேனரில் இருப்பவர் முதல் நாள் வந்து ஆட்டோகிராப் போடுவார். இது ஏமாற்று என்றே நான் சொல்வேன். அந்த ஏமாற்றுக்கு மேலிருந்து முத்திரை குத்துவது வாரியத்தின் ‘அல்லது’.

அந்த வரியை எடுத்துவிடட்டும். அதனிடத்தில், 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு 2 ஆண்டு நெட்ஸில் நின்றிருக்க வேண்டும் என்று போடட்டும். ஆடியவர், ஆடாதவர் எல்லோருக்கும் அதே விதி. பெரிய வீரர்களுக்கு அது கௌரவக் குறைச்சல் என்பார்கள். ராகுல் திராவிட் 164 டெஸ்ட் ஆடியவர். 2015இல் 19 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கும் இந்தியா ஏ அணிக்கும் போனார். பிள்ளைகளோடு விடுதி விடுதியாகத் திரிந்தார். ஒரு பையன் ஒருமுறைதான் அந்த உலகக் கோப்பை ஆடலாம், அடுத்தவனுக்கு வழிவிட வேண்டும் என்று நின்றார். 2018இல் கோப்பை வந்தபோது தனக்கு 50 லட்சம் பரிசு, உதவியாளர்களுக்கு 20 லட்சம் என்பதை ஏற்காமல், எல்லோருக்கும் 25 லட்சம் என்று மாறவைத்தார். பிறகு தேசிய கிரிக்கெட் அகாடமி. அதற்குப் பிறகே, 2021 நவம்பரில், பெரிய அணி. அவர் போய் நின்ற இடத்தில் நிற்க மற்றவர்களுக்கு என்ன தடை?