அமெரிக்கன் டைமண்டுக்குள்ளே

நகைக்கடையில் ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று விற்கிற கல், அடிப்படையில் சிர்கோனியம் டை ஆக்சைடு. கம்மலை விளக்கடியில் லேசாகத் திருப்பிப் பாருங்கள். சிவப்பும் நீலமும் வைரத்தைவிடக் கூடுதலாகவே தெறிக்கும். ஒளியை நிறங்களாகப் பிரிப்பதில் இது வைரத்தை மிஞ்சியது.

கல்லுக்கென்று நிறம் இல்லாததற்குக் காரணம் எலக்ட்ரான்கள். ஆக்சிஜனின் நிரம்பிய ஆற்றல் பட்டைக்கும் சிர்கோனியத்தின் காலிப் பட்டைக்கும் நடுவே 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இடைவெளி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாவுக்கே ஏறக்குறைய 3தான். எலக்ட்ரானை அந்த இடைவெளி தாண்டவைக்கத் தெம்பில்லாத ஒளி உறிஞ்சப்படாமல் கடந்துபோகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அணுக்களின் அடுக்கு. எதுவும் கலக்காத சிர்கோனியம் டை ஆக்சைடில், சாதாரண வெப்பநிலையில் ஒவ்வொரு சிர்கோனியம் அணுவையும் 7 ஆக்சிஜன் அணுக்கள் கோணலாகச் சூழ்ந்திருக்கும். சுமார் 2,370 டிகிரி செல்சியஸுக்கு மேல் 8 அணுக்களோடு அழகான கனசதுரம். ஆறவிட்டாலோ பழைய கோணலுக்கே திரும்பும். அப்போது பருமன் 4 சதவீதத்துக்கு மேல் உப்பி, கட்டி விரிசல் விட்டுவிடும். கொஞ்சம் யிட்ரியம் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. 2 யிட்ரியம் அணுக்கள் நுழைந்தால் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகும். இந்தக் காலியிடங்கள்தான் கனசதுரத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. கார் புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சாரில், சூட்டில் ஆக்சிஜன் அயனிகள் தாவிச் செல்லும் வழியும் இவையே.

யிட்ரியத்தைக் குறைத்தால் பல் மருத்துவர் மாட்டுகிற வெள்ளை உறை. அதில் விரிசல் விழுந்தால், அதன் முனையிலுள்ள துகள்கள் கோணலுக்கு மாறி உப்பி, விரிசலை நெருக்கி அடைக்கும். உடைக்கும் உப்பலையே காவலாக்கிய இந்த வித்தையைக் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 1975இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.